இலையுதிர்கால உலாவும் ஒவ்வாமையுள்ள குழந்தையும்

ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறி வாழும் நம்மவர்களுக்கு, வருஷத்தில் எந்தக் காலம் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதற்கு உகந்தது என்று கேட்டால், கோடையின் புழுக்கமும் கொசுக்களின் தொல்லையும் தணிந்து, குளிர்காலத்தின் கடுமை இன்னும் தொடங்காத, செப்டம்பர் மாதப் பிற்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரையிலான அந்த ஐந்தாறு வாரங்களே என்று தயக்கமின்றிச் சொல்லலாம். 1893-ஆம் வருஷம் ஏற்படுத்தப்பட்ட அல்கோன்குவின் வனப் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் செப்டம்பர் முடிவதற்குள்ளேயே செம்மையும் செம்மஞ்சளும் பூண்டு நிற்கும்; அவை உதிர்ந்து ஓய்ந்த பிறகு ஆஸ்பென் மரங்களும், ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்திருந்தும் வருஷந்தோறும் இலைகளை உதிர்த்துவிடும் டாமரக் மரங்களும் பொன்னிறம் கொள்ளும். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களுக்கு ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. 1811-ஆம் வருஷம் ஜான் மக்கின்டோஷ் என்ற குடியானவர் டண்டெலா என்னும் ஊரில் தம் நிலத்தைத் திருத்தும்போது கண்டெடுத்த கன்றுகளிலிருந்து பரவிய மக்கின்டோஷ் ஆப்பிள், செப்டம்பரில் பழுத்து, நாமே பறித்துக்கொள்ளலாம் என்று அழைக்கும் தோட்டங்களில் காத்திருக்கிறது. பூசணி வயல், சோளக் கொல்லைக்குள் வெட்டிய புதிர்வழி, வைக்கோல் பரப்பிய வண்டி, அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாள், மாதக் கடைசியில் ஹாலோவீன், இவற்றோடு பெரும்பாலும் இதே காலத்தை ஒட்டி வந்துவிடுகிற நமது நவராத்திரியும் தீபாவளியும் என்று, குழந்தைகளுக்கு இந்த வாரங்கள் முழுவதுமே ஒரு நீண்ட விசேஷமாகிவிடுகின்றன.

இந்தச் சந்தோஷங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. அவற்றில் எதுவும் உணவில்லாமல் நடப்பதில்லை. உணவு ஒவ்வாமையுள்ள குழந்தையின் பெற்றோர், இந்தக் காரணத்தினாலேயே, இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்வதைப் பார்க்கிறோம். சிலர், வீண் வம்பு எதற்கு என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், குழந்தையை அழைத்துப் போய், எல்லோரும் உண்ணும்போது அவனுக்கு மட்டும் தனியாக ஒரு டப்பாவைத் திறந்து கொடுத்து, மற்றவர்களின் தட்டை அவன் எட்டிப் பார்க்காதபடி காவல் காக்கிறார்கள். முதல் வழி குழந்தைக்குக் காலத்தை மறுக்கிறது. இரண்டாம் வழி அவனுக்குப் பந்தியை மறுக்கிறது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதென்பதும், சற்று முன்யோசனையும் உறவினரின் ஒத்துழைப்பும் இருந்தால் அது அவ்வளவு சிரமமானதன்று என்பதும் எங்கள் திடமான அபிப்பிராயம். உலாவுக்குப் புறப்படும் குடும்பம் முழுவதும் ஒரே கூடையிலிருந்து உண்ண வேண்டும். அந்தக் கூடையில் இருப்பது எல்லாம் அந்தக் குழந்தை உண்ணத் தக்கதாகவே இருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் மற்ற விவரங்கள் யாவும் இந்த ஒரு தீர்மானத்திலிருந்து கிளைத்தவையே.

கூடையை நிரப்புவதற்கு முன், நமது சமையலறையில் எவை எவை அபாயமாகலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். கனடா அரசாங்கம் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்களென்று வகுத்திருக்கும் வரிசையில் நிலக்கடலை, முந்திரி பாதாம் முதலான மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு சிப்பி வகைகள், சோயா, கோதுமை ஆகியவற்றோடு எள்ளும் கடுகும் இடம்பெற்றிருக்கின்றன. கடைசி இரண்டையும் நம்மவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பட்டியலில் கடுகு இன்று வரையில் இல்லை; எள்ளும் 2023-ஆம் வருஷத் தொடக்கத்திலிருந்துதான் அங்கே கட்டாயமாயிற்று. கனடாவிலோ 2012 ஆகஸ்ட் மாதம் முதல், பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டங்களில் கடுகு சேர்ந்திருந்தால் அதைப் பெயர் சொல்லி அச்சிட்டாக வேண்டும். தாளிதம் இல்லாத கறியைக் கறியென்றே மதியாத நமக்கு, கடுகு ஒரு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பது முதலில் நம்பத் தகாததாகத் தோன்றும். எள்ளின் விஷயமும் அப்படியே. எள்ளுருண்டையை ஒளித்து வைத்துவிட்டு, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயை எடுத்துச் சென்றால் ஒளித்ததனால் பயன் யாது?

மறைந்திருக்கும் பொருள்கள் வேறு சிலவும் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கிறது. அரைத்த கறித்தூள்களில் சிலவற்றில் கடுகு உண்டு. மிக்ஸர், காரக்கடலை முதலியவை கச்சான் என்று நாம் சொல்லும் நிலக்கடலையும் முந்திரியும் நடமாடும் அதே இயந்திரங்களில் செய்யப்படுவன. தேங்காயைப் பற்றிப் பலர் வீணாக அஞ்சுகிறார்கள். கனடாவில் அது மரக்கொட்டையாகக் கணக்கிடப்படுவதில்லை, கொட்டை ஒவ்வாமையுள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அதை உண்ணலாம் என்றாலும், அவரவர் வைத்தியரைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்வது உத்தமம். நிலக்கடலை ஒவ்வாமையுள்ள குழந்தைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில். பலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது, ஊகத்தால் தீர்மானிக்கும் விஷயம் அதுவன்று. இவ்வளவும் தெரிந்தபின், தேங்காய்ப்பூ விரவிய அரிசிமாப் பிட்டு, கடுகுக்குப் பதில் சீரகம் தாளித்த உருளைக்கிழங்குப் பிரட்டல், வீட்டில் பொரித்த மரவள்ளிச் சீவல், வாழைப்பழம், சூடாக ஒரு குடுவை ரசம் என்று கூடையை நிரப்புவது அரிதான காரியமாயிராது. குழந்தைக்கு எது ஆகாதோ அதை மாத்திரம் விலக்கிச் செய்யப்பட்ட இந்த உணவைத் தாத்தாவும் மாமியும் மச்சானும் அதே ருசியோடு உண்பார்கள் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

கூடையிலிருப்பதை உண்பது நம் வசத்தில் இருக்கிறது. தோட்டத்துக் கடையில் விற்பது நம் வசத்தில் இல்லை. ஆப்பிள் தோட்டங்களின் வாயிலில் வாசனை வீசும் டோனட்டில் கோதுமை, முட்டை, பால் மூன்றும் இருக்கும். குச்சியில் குத்திய கேரமல் ஆப்பிளை நிலக்கடலைத் தூளில் புரட்டுவது வழக்கம். பட்டர் டார்ட் என்ற பண்டத்தில் பிக்கானோ வால்நட்டோ இருக்கக்கூடும். மேப்பிள் ஃபட்ஜ் துண்டுகள் கொட்டையுள்ளதும் இல்லாததும் ஒரே பலகையில், ஒரே கத்தியால் வெட்டப்படும். பூசணிப் பையில் பூசணியைத் தவிர முட்டையும் பாலும் கோதுமையும் சேர்கின்றன. பொட்டலத்தில் அடைத்த பண்டத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் பெயர் அச்சிடும் கடமை, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தரும் இந்தப் பண்டங்களுக்குப் பொதுவாக இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனவே இத்தகைய கடைகளில் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு ஒன்றும் வாங்காதிருப்பதே விவேகம் என்பது எங்கள் எண்ணம். முழு ஆப்பிள்களை மரத்திலிருந்து பறித்து, குடிநீரில் நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். முத்திரை உடையாத புட்டியில் உள்ள பழச்சாற்றை, மேலொட்டிய சீட்டைப் படித்தபின் கொடுக்கலாம். மற்றவற்றின் வாசனையை நுகர்வதால் கேடில்லை. கச்சானின் வாசனை மட்டும் எவரையும் ஒவ்வாமை அதிர்ச்சிக்குள்ளாக்குவதில்லை. வாய்க்குள் போவதே முக்கியமான அபாயம். மீனோ இறாலோ கொதிக்கும் ஆவி மட்டும் விலக்காகும். அதில் புரதம் கலந்து வருவதால், அந்த ஒவ்வாமையுள்ள பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தலாகாது.

பொரித்த உருளைக்கிழங்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் கிழங்கும் எண்ணெயும் உப்பும் தவிர வேறென்ன என்று நினைத்துப் பெற்றோர் பலர் அதை நம்பி வாங்குகிறார்கள். 2003-ஆம் வருஷம் ஒன்டாரியோவின் பெம்ப்ரோக் நகரில், பாலுக்கும் நிலக்கடலைக்கும் ஒவ்வாமை கொண்டிருந்த சப்ரினா ஷானன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கிய பொரித்த கிழங்கை உண்ட பின்னர் அதிர்ச்சியுற்று இறந்துபோனாள். பாற்கட்டி தூவிய பூட்டீனுக்குப் பயன்படுத்திய இடுக்கியே அவளுடைய கிழங்கையும் தொட்டிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அதிர்ச்சியைத் தணிக்கும் அவளது ஊசி மருந்தோ அவள் இருந்த இடத்தில் இல்லாமல் பள்ளி அலமாரிக்குள் இருந்தது. அவளுடைய பெற்றோர் இடைவிடாது முயன்றதன் பலனாக, அவள் பெயராலேயே வழங்கும் சப்ரினா சட்டம் 2005-இல் மாகாண சட்டசபையில் நிறைவேறி, 2006 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. பள்ளி நிர்வாகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வாமை அதிர்ச்சியைப் பற்றிய விதிமுறை வகுத்திருப்பதும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அபாயமுள்ள ஒவ்வொரு மாணவனுக்கும் தனித் திட்டம் எழுதி வைத்திருப்பதும் இன்று சட்டப்படியான கடமையாகிவிட்டன. பூசணித் தோட்டத்துக்கு வகுப்பை அழைத்துச் செல்வதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வரும்போது, அந்தத் திட்டத்தின் பிரதி உடன் போகிறதா, ஊசியை யார் சுமந்து செல்வார்கள், மதிய உணவு எங்கே நடக்கும் என்று கேட்பதற்குப் பெற்றோர் கூச வேண்டியதில்லை. அந்த உரிமையை ஒரு குடும்பம் மிகப் பெரிய விலை கொடுத்து நமக்கெல்லாம் வாங்கித் தந்திருக்கிறது.

ஆப்பிளைக் கடித்தவுடன் உதடும் நாக்கும் அரிக்கின்றன என்று சில பிள்ளைகள், பெரும்பாலும் சற்று வளர்ந்தவர்கள், சொல்வதுண்டு. வசந்தத்தில் பறக்கும் பிர்ச் மரத்து மகரந்தத்துக்கும் ஆப்பிளின் சதைக்கும் புரதத்தில் ஒற்றுமை இருப்பதால், மகரந்த ஒவ்வாமையுள்ளவருடைய தேகம் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடுவதே இதன் காரணம். வேகவைத்த ஆப்பிளை இவர்களில் பெரும்பாலோர் தொந்தரவின்றி உண்பார்கள். இது பொதுவாக வாயளவில் நின்றுவிடும் உபத்திரவம்தான்; ஆயினும் அரிப்பு வாயைத் தாண்டித் தொண்டைக்கோ மூச்சுக்கோ பரவினால் அதை அற்பமாக எண்ணலாகாது.

தோட்டங்களில் ஆட்டுக்குட்டிகளுக்குத் தீனி கொடுக்கும் மூலை ஒன்று இருக்கும். குழந்தைகள் அங்கே போகாமல் திரும்பவே மாட்டார்கள், போகவும் வேண்டும். கால்நடைத் தீவனத்தில் கோதுமை, சோயா முதலியனவும், பறவைத் தீனியில் நிலக்கடலையும் இருப்பது சாதாரணமாகையால், கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு அதே கையை வாயில் வைப்பதைத்தான் தடுக்க வேண்டும். கை சுத்தம் செய்யும் சாராயக் களிம்பைப் பூசிவிட்டால் போதுமென்று நினைப்பது பிசகு; அது கிருமியைக் கொல்லுமேயன்றிக் கச்சானின் புரதத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீருமோ, அல்லது ஈரத் துடைப்புத் தாளோதான் அதைக் கையிலிருந்து நீக்கும். எனவே ஒரு பெரிய பொட்டலம் ஈரத்தாள் கூடையில் கட்டாயம் இருக்கட்டும். மேசை விரிப்பு ஒன்றும் இருக்கட்டும், பூங்காவின் மர மேசைகளில் நமக்கு முன் யார் என்ன உண்டார்கள் என்பதை நாம் அறியோம்.

இனி மருந்துக்கு வருவோம். வைத்தியர் எழுதிக் கொடுத்த எபினெஃப்ரின் தானியங்கி ஊசிகள் இரண்டு, எப்போதும் குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். காரில் அன்று, தங்குமிடத்திலும் அன்று. இலையுதிர்காலத்தில் இதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. அக்டோபர் மாதத்து நண்பகலில் மூடிய காரின் உட்புறம் சூடேறுகிறது; அதே இரவில் உறைநிலைக்கும் கீழே போகிறது. அந்த மருந்தோ அறை வெப்பத்தில் காக்கப்பட வேண்டியது; உறையவும் கூடாது, வேகவும் கூடாது. தோளில் தொங்கும் பையின் வெளிப்புறப் பையிலிருப்பதைவிட, சட்டைக்கு மேலாகவும் குளிரங்கிக்குக் கீழாகவும் இடுப்பில் கட்டும் சிறு பையில் இருப்பதே நல்லது. மூத்த பிள்ளையானால் அதைத் தானே கட்டிக்கொள்ளப் பழக்க வேண்டும். சிறு பிள்ளையானால் அதைச் சுமப்பவர் யார் என்பதைப் புறப்படும் முன்னரே பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடும் பொருளை ஒருவரும் பார்த்துக்கொள்வதில்லை. கோடை முழுவதும் வளர்ந்துவிட்ட குழந்தையின் எடையையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நன்று, 0.15 மில்லிகிராம் ஊசி சிறு பிள்ளைகளுக்கும், 0.3 மில்லிகிராம் ஊசி 30 கிலோவைத் தொட்டவர்களுக்கும் உரியவை என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், 25 கிலோவிலேயே பெரிய அளவுக்கு மாற்றிக்கொடுக்கும் வைத்தியர்களும் உண்டு.

அல்கோன்குவின் பூங்காவை ஊடுருவிச் செல்லும் 60-ஆம் இலக்கப் பெருவழியில் கைத்தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. மேற்கே ஹண்ட்ஸ்வில் நகரிலும், கிழக்கே பாரிஸ் பே என்னும் ஊரிலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன; இடையிலுள்ள தூரமோ மிக அதிகம். ஆதலால் அத்தகைய இடத்துக்குச் செல்பவர்கள், வைத்தியரின் சம்மதத்துடன், வழக்கமான இரண்டு ஊசிகளுக்கு மேலும் ஒன்றைக் கொண்டு போவதும், அன்றைய தினம் புதிய உணவு எதையும் முதன்முறையாகச் சுவைத்துப் பார்க்காதிருப்பதும், வழிநெடுகக் காரின் பின்னிருக்கையில் குழந்தை தனியாக எதையும் கொறிக்க விடாதிருப்பதும் முக்கியமானவை. இந்த ஜாக்கிரதைகளைச் செய்துகொண்டு போகலாம். கட்டாயம் போக வேண்டும். அந்த வனத்தின் செவ்விலைகளைக் காண்பதற்கு இந்தக் குழந்தைக்கு மற்றெந்தக் குழந்தைக்கும் குறைந்த உரிமை இல்லை.

அதிர்ச்சி நேரும்போது அது எப்படித் தோன்றும் என்பதைக் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். உடலெங்கும் தடித்துச் சிவத்தல், உதடும் முகமும் வீங்குதல் என்பன பலரும் அறிந்த அடையாளங்கள். குரல் கம்முதல், விடாத இருமல், மூச்சில் இழுப்பு, விழுங்கச் சிரமம், திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்று வலி, முகம் வெளிறித் துவளுதல் ஆகியவையும் அடையாளங்களே. தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே அதிர்ச்சி வரலாம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடிப்பு வரட்டும் என்று காத்திருந்து காலம் தப்பிப் போவதுண்டு. மிகச் சிறிய குழந்தை, தொண்டை இறுகுகிறது என்று சொல்லத் தெரியாமல், நாக்கில் முடி ஒட்டியிருக்கிறது என்றோ, வாய் உறைக்கிறது என்றோ சொல்லக்கூடும். அதையும் செவி சாய்த்துக் கேட்க வேண்டும்.

அப்போது செய்ய வேண்டியது, தாமதமின்றி ஊசியைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் போடுவதே. கனத்த குளிரங்கியை விலக்கிவிட வேண்டும். கால்சட்டையை அவிழ்க்க வேண்டிய அவசியமில்லை, ஜீன்ஸ் துணியின் மேலாகவே போடலாம். மடிப்புத் தையலின் மீதோ, கால்சட்டைப் பையில் ஏதேனும் இருக்கும் இடத்தின் மீதோ மட்டும் வைக்கலாகாது. எபிபென் வகையாயின் நீல மூடி வானத்தையும் செம்மஞ்சள் முனை தொடையையும் நோக்கியிருக்க வேண்டும். நீல மூடியைக் கழற்றிச் செம்மஞ்சள் முனையை ஓசை எழும்படி அழுத்தி, நிதானமாக மூன்று எண்ணும் வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். பிறகு 911-ஐ அழைத்து, ஒவ்வாமை அதிர்ச்சி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார்த்தலாம். எழுந்து நடக்க மட்டும் விடவே கூடாது. ஐந்து நிமிஷத்திலும் குறைவு தோன்றவில்லையானால், அல்லது நிலைமை மோசமானால், இரண்டாவது ஊசியைப் போட வேண்டும். குழந்தை தேறிச் சிரித்து விளையாடத் தொடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வருவதுண்டாகையால் அங்கே வைத்துக் கவனிப்பார்கள். அரிப்புக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையோ பாணியோ அதிர்ச்சியைத் தடுக்காது. அதைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருப்பதுதான் இந்த விஷயத்தில் நாம் கேள்விப்படும் மிகப் பெரிய தவறு. ஊசி வேண்டுமா வேண்டாமா என்ற சந்தேகம் எழுந்தால், போடுவது என்ற பக்கமே சாய வேண்டும்.

இவற்றையெல்லாம் பெற்றோர் கற்றுக்கொள்வது எளிது. உற்றாருக்குக் கற்பிப்பதே அரிது. நன்றியறிதல் நாள் வார இறுதியில் பெரியம்மா வீட்டார், சித்தப்பா வீட்டார், அம்மம்மா எல்லோருமாக மூன்று நான்கு வண்டிகளில் புறப்படும் உலாவில், அபாயம் பெரும்பாலும் அந்நியரிடமிருந்து வருவதில்லை. மடியில் இருத்திக்கொண்டு ஊட்டும் அன்பிலிருந்து வருகிறது. "ஒரு சின்னத் துண்டுதானே பிள்ளை, அதில என்ன வரப்போகுது? நாங்கள் கச்சான் தின்னாத நாளே இல்லையே" என்று ஊரில் வளர்ந்த ஒரு பாட்டி சொல்லும்போது, அதை அறியாமை என்று இகழ்வது மரியாதையும் அன்று, பயனுள்ளதும் அன்று. அவர் சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது. லண்டனில் கிடியன் லாக் என்பவரின் தலைமையில் 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒவ்வாமை வரும் சாத்தியம் அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்கு முதல் வருஷத்திலேயே நிலக்கடலைப் பண்டத்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துபோனார்கள். அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைகளுக்கு எப்போது எதைக் கொடுப்பது என்று வைத்தியரைக் கேட்பதற்கு இது நல்ல காரணம். ஆனால் ஒவ்வாமை ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட பிள்ளைக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்குகிறேன் என்று வீட்டார் தாமாகவே முயல்வது கொடிய விபரீதம்.

பாட்டியிடம் தர்க்கம் செய்வதைவிட அவரைக் காவலராக்குவது மேலானது. "அம்மா, உங்கட கையால குடுத்த ஒரு துண்டால அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வந்தால் ஆயுசுக்கும் உங்களுக்குத்தானே மனவருத்தம்? இந்தப் பை இண்டைக்கு உங்களிட்டையே இருக்கட்டும். ஊசியை எப்பிடிப் போடுறதெண்டு நான் காட்டித் தாறன்" என்று மகள் சொல்லிப் பார்க்கட்டும். அன்று பொழுது சாயும் வரையில் அந்தக் குழந்தைக்கு யார் எதை நீட்டினாலும் முதலில் மறிக்கும் கை அந்தப் பாட்டியின் கையாகவே இருக்கும். மற்ற உறவினருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, இன்ன இன்ன பதார்த்தங்கள் வேண்டாம், இன்னது கொண்டு வந்தால் சந்தோஷம் என்று திட்டமாகத் தெரிவித்துவிட வேண்டும். ரோல்ஸும் எள்ளுருண்டையும் செய்துகொண்டு வந்துவிட்டவரிடம் மேசையருகில் நின்று மறுப்பது இரு தரப்புக்கும் சங்கடம். உங்கள் தேங்காய்ச் சம்பலைத்தான் எல்லோரும் கேட்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்வதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மச்சான் மச்சாள் முறையுள்ள சின்னஞ்சிறுசுகளுக்கு நீண்ட உபதேசம் தேவையில்லை. கச்சான் தின்றால் அண்ணாவுக்கு மூச்சு முட்டும், தின்ற கையைக் கழுவிவிட்டு விளையாட வா, அவன் ஒரு மாதிரியாக இருந்தால் ஓடி வந்து பெரியவர்களிடம் சொல் என்ற மூன்று வாக்கியங்களை ஐந்து வயதுக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கும் வாக்கியம் வேண்டும். அம்மாவைக் கேட்காமல் நான் சாப்பிடுவதில்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தலை நிமிர்ந்து சொல்ல அவனைப் பழக்க வேண்டும். உணவைக் காட்டிக் கேலி செய்வதையோ, ஆகாத பண்டத்தை வேண்டுமென்றே முகத்துக்கு நேரே நீட்டுவதையோ விளையாட்டாக எண்ணி எந்தப் பெரியவரும் சிரிக்கலாகாது; அந்த இடத்திலேயே கண்டிக்க வேண்டிய செயல் அது.

பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் இரவுக்கு ஒரே ஒரு விதி போதும். வீடு திரும்பும் வரை யாரும், ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளும், எதையும் உண்பதில்லை. வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டி, ஒவ்வொன்றின் உறையையும் படித்துப் பிரிக்க வேண்டும். அன்றைக்கென்று விற்கும் மிகச் சிறிய சாக்லெட் துண்டுகளில் பலவற்றுக்கு உள்ளடக்கப் பட்டியல் தனியே அச்சிடப்படுவதில்லை. பெரிய அளவில் குழந்தைக்கு ஒத்துக்கொண்ட சாக்லெட்டே சிறிய அளவில் வேறொரு தொழிற்சாலையில், வேறு சேர்மானத்துடன் செய்யப்பட்டிருக்கலாம். பட்டியல் இல்லாதது எதுவும் ஆகாததன் பக்கமே சேரட்டும். ஆகாதவற்றுக்கு ஈடாகக் கொடுப்பதற்குப் புத்தகமோ விளையாட்டுச் சாமானோ தயாராக இருந்தால் அந்தப் பிரிவினை அழுகையில்லாமல் முடியும்.

நமது வாசலுக்கு வரும் ஊர்க் குழந்தைகளில் எத்தனையோ பேர் இதே நிலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய் ஒருவர் 2012-இல் தொடங்கி, ஃபேர் என்னும் அமைப்பு 2014-இல் நாடு முழுவதும் பரப்பிய வழக்கப்படி, மயிற்கழுத்து நிறம் பூசிய பூசணிக்காய் ஒன்றை வாசலில் வைத்தால், இந்த வீட்டில் உணவல்லாத பரிசும் கிடைக்கும் என்பது பொருள். கனடாவிலும் இந்தப் பூசணிக்காய்களை இப்போது பல தெருக்களில் காண்கிறோம். பென்சில், ஒட்டுப்படம், இருளில் ஒளிரும் வளையல் முதலியவற்றை மிட்டாயிலிருந்து வேறாக ஒரு கிண்ணத்தில் வைக்க வேண்டும். குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ணக் களிமண்ணில் கோதுமை உண்டாகையால் அதைத் தவிர்ப்பது நல்லது. நம்மவர்கள் நெருங்கி வாழும் மார்க்கம், ஸ்காபரோ, பிராம்ப்டன் தெருக்களில் வீட்டுக்கு வீடு இந்தப் பூசணிக்காயைக் காண வேண்டும் என்பது எங்கள் ஆசை. நிறம் தீட்டும் வேலையை ஒவ்வாமையுள்ள பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம். ஏன் இந்த நிறம் என்று பக்கத்து வீட்டார் கேட்கும்போது விளக்கம் சொல்லும் பொறுப்பும் அவனுடையதாகட்டும்.

நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும்போது, வீட்டிலும் பள்ளியிலும் பாட்டி வீட்டிலும் உள்ள ஊசிகள் எல்லாவற்றையும் எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்ப்பதை ஒரு வழக்கமாகக் கொள்ளலாம். கண்ணாடிச் சாளரத்தின் வழியே தெரியும் மருந்து தெளிந்திருக்க வேண்டும்; நிறம் மாறியோ கலங்கியோ இருந்தால் தேதி மிச்சமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கனடாவில் இந்த ஊசியை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கேட்டு வாங்கலாம். ஆனால் தனியார் காப்புறுதி இல்லாத பிள்ளைகளுக்கு ஒன்டாரியோ அரசாங்கத்தின் ஓஹிப் பிளஸ் மருந்துத் திட்டத்தின் உதவி கிடைக்க வேண்டுமானால் வைத்தியரின் சீட்டு அவசியம். காலாவதியானவற்றை உடனே எறிந்துவிடாமல், ஒரு தோடம்பழத்தை மேசையில் வைத்து, அம்மம்மா, மாமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அயலார் ஆகிய ஒவ்வொருவரையும் ஆளுக்கொன்றாக அதில் அழுத்திப் பழகச் செய்யுங்கள். பழகி முடிந்ததும் அந்தப் பழத்தை யாரும் தின்னாதபடி குப்பையில் போட்டுவிட்டு, பயன்படுத்திய ஊசிகளை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.